வடகடல் சேறு

லத்தீபாவின் வீட்டில் நல்ல தண்ணீர் குடிக்கிற உயிர்கள் நான்கு. அவள், அவள் புருஷன் அகமது கபீர், எட்டு வயது மகள் ரம்ஜான் பீவி, அப்புறம் வாசலில் நிற்கிற கறுப்புக் கார். நாலாவது ஆளுக்குத்தான் தாகம் அதிகம். மனுஷருக்குத் தண்ணீர் குறைந்தால் வாயை மூடிக்கொண்டு கிடக்கலாம். காருக்குக் குறைந்தால் கபீர் வாயைத் திறந்துவிடுவான்.

பெரியபட்டினத்தில் அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு கிணறு உண்டு. எல்லாம் உப்பு. பாத்திரம் கழுவலாம், துணி அலசலாம், சோப்புப் போட்டால் நுரைக்காது. குடிக்கிற தண்ணீருக்கு மேற்கே தென்னந்தோப்பைத் தாண்டிப் போய், மணலில் ஊற்றுத் தோண்டி, தேங்காய்ச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். ஒரு குடம் நிறைய அரைமணி நேரம் ஆகும், கோடையில் ஒரு மணி நேரம். அப்படி நிரப்பிய குடத்தில் தினம் ஒன்று காரின் ரேடியேட்டருக்கு. கார் வாங்குவதற்கு லத்தீபாவின் வளையல்கள் போயின. வாங்கிய நாலு வருஷத்தில் அவள் அதில் ஏறியது ரெண்டே தடவை. ரெண்டும் மய்யித்து வீட்டுக்கு, துக்கம் கேட்க.

கபீர் அந்தக் காரை வாடகைக்கு ஓட்டினான். ராமநாதபுரம் ஸ்டேஷனுக்கும் கீழக்கரைக்கும் ஆள் ஏற்றிப் போவான். சில நாள் போனால் மறுநாள்தான் வருவான். ஸ்டேஷனில் சவாரிக்குக் காத்துக் கிடந்தேன் என்பான். இப்படித்தான் ரஜப் மாதத்தில் ஒரு தடவை புதுக் கைலி கட்டிக்கொண்டு போனவன், மறுநாள் அதன் விளிம்பெல்லாம் கறுப்புச் சேறாக வந்து நின்றான். ஊருணியில் கால் வழுக்கிவிட்டது என்றான். லத்தீபா அதை மூன்று தண்ணீர் மாற்றி அலசினாள். அதோடு அதை மறந்தும் போனாள்.

அப்புறம் கச்சான் காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு மதியம், அந்தக் கார் ரெண்டு மாடு இழுக்க ஊருக்குள் வந்தது. கபீர் உள்ளே உட்கார்ந்து இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். வலது கையில் வாழை இலை சுற்றியிருந்தது. உச்சிப்புளி விலக்கில் வண்டி கொதித்து நின்றிருக்கிறது. அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகியிருக்கிறான். கொதிதண்ணீர் முழங்கை வரைக்கும் தோலை உரித்துவிட்டது. லத்தீபா பதறிக்கொண்டு வாசல்படி வரைக்கும் ஓடினாள். அவளைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி கையைப் பற்றியது இல்லை.

"என்ன தண்ணி ஊத்துன நீ? எஞ்சினு பூராம் உப்பு. உண்மையச் சொல்லு."

இந்த இடத்தில் லத்தீபா ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வேறு எவளாக இருந்தாலும் சொல்லியிருப்பாள். இவளுக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் கிடையாது.

"ஒரே ஒரு நாளு மச்சான். போன மாசம் காய்ச்சலாக் கெடந்தேன்ல, அன்னைக்கு. ஊத்துக்குப் போக முடியல. அரைக் குடந்தான் நம்ம கெணத்துல எறச்சு ஊத்துனேன்."

போயிற்று. அந்த அரைக் குடம் கபீரின் வாயில் விழுந்து மறுநாள் பத்துக் குடம் ஆனது. பள்ளிவாசல் தெருவுக்குப் போய்ச் சேரும்போது, லத்தீபா ஆறு மாதமாக உப்புத் தண்ணீரையே ஊற்றி வண்டியைக் கொன்றுவிட்டாள் என்று ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுத் தாஜுன்னிசா வந்து நெற்றியில் அடித்துக்கொண்டாள். அவள் விதவை, லத்தீபாவைவிடப் பத்து வயது மூத்தவள். இவளுக்கு லாத்தா, அக்கா முறை.

"அவன் கேட்டா நீ எதுக்குடி சொன்ன? காய்ச்சல்ல பொணமாக் கெடந்தவளுக்கு ஒரு டம்ளர் சுடுதண்ணி வச்சுக் குடுத்தானா அவன்? வண்டிக்குத் தண்ணி ஊத்தலயான்னு கேக்கத்தானே வந்தான்."

"தப்பு எம்மேலதான லாத்தா. அவுக கை வெந்து கெடக்கு. பாக்கப் பாக்க வயிறு எரியுது."

"எரியும் எரியும். ஒனக்கு எரியுறதுல அவனுக்குக் குளிர் காயத் தெரியும்."

தாஜுன்னிசா சொன்னது நாலாம் நாளே நடந்தது. எஞ்சின் செத்துவிட்டது, வேறு எஞ்சின் வாங்கிப் போட வேண்டும், அதற்கு இந்த வீட்டை என் பேருக்கு எழுதிக் கொடு என்று கபீர் ஆரம்பித்தான். அந்தத் தெருவில் வீடு என்பது பெண்பிள்ளைக்குத்தான். உம்மாவிடமிருந்து மகளுக்கு, அவளிடமிருந்து அவள் மகளுக்கு. மாப்பிள்ளையாக வருகிறவன் பெட்டியோடு வந்து மனைவி வீட்டில் இருப்பான். கபீரும் அப்படி ஒரு தகரப் பெட்டியோடு வந்தவன்தான். லத்தீபாவுக்கு அப்புறம் அது ரம்ஜான் பீவியின் வீடு. மகளை வீடில்லாமல் யாருக்குக் கட்டிக் கொடுப்பது என்கிற நினைப்பு அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவில்லை.

"வித்தா புடுவேன்? ஒத்தி வச்சுட்டு ஆறு மாசத்துல மீட்டுருவேன். நீ செஞ்ச தப்புக்கு நான் தெருவுல நிக்கணுமா?" என்று கபீர் காலையில் கேட்டான், சோற்றில் கை வைக்கும்போது கேட்டான், புண்ணுக்கு மருந்து போடும்போது கேட்டான். ஏழாம் நாள் லத்தீபா சரி என்று தலையாட்டிவிட்டாள். அந்த அரைக் குடம் அவளை அப்படி ஆட்டவைத்தது. பத்திரம் எழுதுகிற சீனி முகம்மது அடுத்த வாரம் திங்கட்கிழமை காலையில் வருவதாக ஏற்பாடு.

இதற்கு நடுவில் வெள்ளிக்கிழமை, ராமநாதபுரத்தில் பஸ் கம்பெனி ஷெட்டில் மெக்கானிக்காக இருந்த உக்கிரபாண்டி அந்தப் பக்கம் வந்தவர் வண்டியைப் பார்த்தார். யுத்தத்தில் லாரிகளோடு பர்மா வரைக்கும் போய் வந்தவர், கபீரின் வண்டிக்கு எப்போதாவது கைபார்க்கிறவர். ஹெட்டைக் கழற்றிப் பார்க்காமல் எஞ்சின் செத்தது என்று எவன் சொன்னது என்று கேட்டார். எஞ்சினின் மேலே மூடிபோல உட்கார்ந்திருக்கிற இரும்புப் பாளம்தான் ஹெட். அது வெடித்திருந்தால் கதை முடிந்தது. வெடிக்காமல், சூட்டில் முகம் மட்டும் கோணியிருந்தால் மதுரையில் லேத்துப் பட்டறையில் கொடுத்துச் சீவி எடுத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிப் போனார். லத்தீபா கதவுக்குப் பின்னால் நின்று இதைக் கேட்டாள். விரிசல் இருந்தால் வீடு போகும், இல்லாவிட்டால் தங்கும். அவளுக்குப் புரிந்தது அவ்வளவுதான், அது போதுமானதாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் உக்கிரபாண்டி வந்துவிட்டார். கபீர் வெந்த கையை மடியில் வைத்துக்கொண்டு பூவரச மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வீட்டுப் பெண்கள் இருக்கிற இடம் என்று உக்கிரபாண்டி எப்போதும் வாசலுக்கு முதுகைக் காட்டித்தான் வேலை செய்வார்.

ஹெட்டைப் பிடித்திருந்த நட்டுகளை ஓரத்திலிருந்து ஆரம்பித்தார். இந்த மூலையில் அரைச் சுற்று, எதிர் மூலையில் அரைச் சுற்று. கபீருக்குப் பொறுமை இல்லை.

"ஒண்ணொண்ணா முழுசாக் கழட்டுங்கண்ணே. பொழுது போகுதுல்ல."

"ஒரே பக்கமாக் கழட்டுனா இன்னும் கோணிரும் பாய். ஏற்கெனவே நொந்து போயிக் கெடக்குது. நாம வேற நோகடிக்கணுமா?"

எல்லா நட்டும் வந்த பிறகும் ஹெட் அசையவில்லை. கபீர் கடப்பாரையைக் கொடுத்து நெம்பச் சொன்னான். உக்கிரபாண்டி அதைக் காதில் வாங்காமல், ஒரு மரக்கட்டையால் சுற்றிச் சுற்றித் தட்டினார். பத்து நிமிஷத்தில் அது பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. தூக்கித் திருப்பினார். ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கிற கேஸ்கட் தகடு ரெண்டு ஓட்டைகளுக்கு நடுவில் எரிந்து கரியாகியிருந்தது. திறந்து கிடந்த எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்து, விரல் விட்டுத் தடவி, திருப்தியாக ஒரு உறுமல் உறுமினார். பிறகு மணல் விழாமல் அதைப் பழைய சேலையால் மூடிக் கட்டினார்.

"அடியில இருக்க பிளாக்கு நல்லா இருக்கு. இனிமே இந்த ஹெட்டுத்தான். எனக்கு இப்ப ஷெட்டுல டூட்டி இருக்கு. போயிட்டு சாயங்காலம் அசர் தொழுகை நேரத்துக்கு வாரேன். வந்து எடுத்துக்கிட்டு ரயிலுக்குப் போனா, நாளைக்குக் காலையில மதுரையில குடுத்துறலாம். ஆனா அழுக்கோட குடுத்தா பட்டறைக்காரன் தொடமாட்டான். அதுக்குள்ள சுத்தம் பண்ணி வைக்கணும். யாரு செய்வா?"

கபீர் தன் கையைப் பார்த்தான். பிறகு வாசலைப் பார்த்தான்.

"செய்யட்டும். செஞ்சவதான செய்யணும்."

உக்கிரபாண்டி முதுகைக் காட்டியபடியே குரலை மட்டும் உயர்த்தினார்.

"தங்கச்சி, கேட்டுக்க. மொதல்ல கரியச் சொரண்டணும். கத்தியப் படுக்கப் போட்டுச் சொரண்டு, நட்டமா வச்சா கோடு விழுந்துரும். ஒட்டியிருக்க தகடு, பசை ஒண்ணு விடாத. அப்பறம் சீமெண்ணெய் ஊத்தித் தேய்யி. பெரிய அண்டா இருக்கா?"

"இருக்குண்ணே" என்றாள் உள்ளேயிருந்து.

"அதுல தண்ணியக் கொதிக்கவிட்டு, துணிக்குப் போடுற சோடாவ அள்ளிப் போட்டு, இதை முக்கிப் போடு. ஒரு மணி நேரம் வேகட்டும். தண்ணி ஓடுற ஓட்டையெல்லாம் கம்பிய விட்டுக் குத்து. பின்னாடி ரெண்டு ஓட்டை கெட்டியா அடச்சுக் கெடக்கு. வெந்தா எளகிரும். வெளிய எடுத்துத் தொடச்ச கையோட ஆயிலப் பூசிரு. உப்புக் காத்து, அரைமணியில துருப் பூத்துரும்."

லத்தீபா வேலையில் இறங்கினாள். கொல்லையில் கிணற்றடி நிழலில் சாக்கை விரித்து, அதன்மேல் அந்த இரும்பைக் கிடத்தி, மீன் அரிகிற கத்தியைப் படுக்கப் போட்டுச் சுரண்டினாள். அவள் கைக்கு அது புதிய வேலை இல்லை. தீய்ந்த சோற்றுப் பானையை எத்தனை தடவை சுரண்டியிருக்கிறாள். கரி செதில் செதிலாக வந்தது. அடியில் சாம்பல் நிற இரும்பு தெரிய ஆரம்பித்ததும், ஒவ்வொரு இடத்தையும் முந்தானையால் துடைத்துக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தால் கத்தியை நிறுத்துவாள். தேய்த்துப் பார்ப்பாள். கரிக் கோடாக இருக்கும், அழியும். யா அல்லா என்று அடுத்த இடத்துக்குப் போவாள். ஓதப்பள்ளியிலிருந்து வந்த மகளுக்குக் கஞ்சியும் நெத்திலிக் கருவாடும் கொடுத்துத் திரும்ப அனுப்பினாள். தான் சாப்பிடவில்லை. கையில் சீமெண்ணெய் நாற்றம், சாப்பாடு இறங்காது.

அண்டா அவள் கல்யாணத்துக்கு வாப்பா கொடுத்த சீர். ஊரில் யார் வீட்டு விருந்துக்கும் இரவல் போகிற அண்டா. அதில் கார் ஹெட்டை வேகவைப்பதைப் பார்த்துத் தாஜுன்னிசா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"என்னடி இது, பிரியாணியா?"

"இரும்புப் பிரியாணி லாத்தா. வந்து ஒரு கை பிடிங்க. தூக்கணும்."

தாஜுன்னிசா வந்தாள். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. லத்தீபா கம்பியை உள்ளே விட்டு அடைத்துக் கிடந்த ஓட்டைகளைக் குத்தினாள். முதலில் துரு வந்தது. அப்புறம் என்னவோ கெட்டியாக ஒன்று கட்டி கட்டியாக உடைந்து தண்ணீரில் கரைந்தது. நாற்றம் எழும்பியது. தாஜுன்னிசா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன பிள்ள இது, சேத்து நாத்தமடிக்குது? செத்த நண்டு கணக்கா."

லத்தீபா குனிந்து முகர்ந்தாள். அந்த வாடை அவளுக்குத் தெரிந்த வாடையாக இருந்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை. ரெண்டு பேரும் கயிறு கொடுத்து ஹெட்டை வெளியே தூக்கினார்கள். துடைத்து, ஆயில் பூசி, சாக்கில் வைத்தார்கள். பிறகு லத்தீபா அண்டாவைச் சாய்த்து, கீரை அலசின தண்ணீரை இறுப்பது போல மெதுவாக மேல் தண்ணீரைக் கொட்டினாள். அடியில் ஒரு கை அளவு சேறு தங்கியிருந்தது. கன்னங்கரேலென்று, மை மாதிரி. அதற்குள் விரலை விட்டாள். ஏதோ குத்தியது. எடுத்துக் கழுவினாள். ஊசி மாதிரி நீளமான, அரிசி அளவு நத்தைக் கூடு. அப்புறம் இன்னொன்று. அப்புறம் வெந்து போன கடல்புல் ஒரு துணுக்கு.

பெரியபட்டினத்துக் கடல் தென்கடல். அலை அடிக்கும், கரை முழுக்க வெள்ளை மணல். அதை ஆம்பிளைக் கடல் என்பார்கள். வடக்கே தொண்டிப் பக்கம் இருப்பது பொம்பளைக் கடல். அலை கிடையாது, கரையோரம் முழங்கால் வரைக்கும் கறுப்புச் சேறு. லத்தீபாவின் உம்மா பிறந்த ஊர் அங்கே, திருப்பாலைக்குடி. சின்ன வயதில் அந்தச் சேற்றில் இறங்கி நண்டு பிடித்து, காலெல்லாம் இந்த நத்தைக் கூடு குத்தி ரத்தம் வர அழுதிருக்கிறாள். இந்தச் சேற்றை அவளிடம் யாரும் வேறு சேறு என்று சொல்லி ஏமாற்ற முடியாது.

ஆனால் ஒருவன் ஏமாற்றித்தான் இருக்கிறான். ரஜப் மாதத்துப் புதுக் கைலியின் விளிம்பு அவள் கண் முன்னால் வந்து நின்றது. மூன்று தண்ணீர் மாற்றி அலசிய அதே கறுப்பு, அதே நாற்றம். அன்றைக்குத் தோன்றாமல் போனது. புருஷன் சொன்னால் ஊருணிச் சேறு ஊருணிச் சேறுதான் என்று இருந்துவிட்டாள்.

"லாத்தா, ஒரு கோப்பை எடுத்துக் குடுங்க" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. சேற்றை வழித்து அந்த வெள்ளைக் கோப்பையில் போட்டாள்.

உக்கிரபாண்டி சொன்ன நேரத்துக்கு வந்தார். ஹெட்டை மரத்தடிக்குத் தூக்கிப் போய், கவிழ்த்து வைத்து, அதன் முகத்தில் இரும்பு அளவுகோலை நட்டமாக நிறுத்தினார். கோலுக்கும் முகத்துக்கும் நடுவில் பீடிக்கட்டுக் காகிதத்தைச் சொருகி இழுத்து இழுத்துப் பார்த்தார். நீளத்தில் பார்த்தார், குறுக்கில் பார்த்தார், மூலைக்கு மூலை பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தினார்.

"விரிசல் இல்ல பாய். நடுவுல மட்டும் காகிதம் நொழையுது. நூலிழை சீவுனாப் போதும், புது முகம். இவ்வளவு சுத்தமா எங்க ஷெட்டுலகூட எவனும் வேலை செய்யமாட்டான். தங்கச்சி இனிமே எந்த எஞ்சின்லயும் கை வைக்கலாம்."

கதவுக்குப் பின்னால் லத்தீபா வாய்க்குள் அல்லாவைப் புகழ்ந்துகொண்டாள். கபீரின் முகத்தில் சந்தோஷம் ஏதும் இல்லை.

"சீவிப் போட்டு நாளைக்கு நடுரோட்டுல நின்னா? நீங்க சொல்லிட்டுப் போயிருவீக. எதுக்கும் சீனி முகம்மது காலையில வரட்டும். எழுதி வச்சுக்கிட்டா ஒரு தைரியம்."

"எஞ்சினு நல்லா இருக்குங்குறேன், எதுக்கு எழுதுறீக?"

"அது எங்க வீட்டு விசயம்ண்ணே."

லத்தீபா சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு வெளியே வந்தாள். அந்நிய ஆம்பிளை இருக்கும்போது அவள் வாசல்படி தாண்டியது அதுதான் முதல் தடவை. கோப்பையைக் கட்டிலுக்கு முன்னால் தரையில் வைத்தாள்.

"இது எந்தக் கடல் சேறு மச்சான்?"

கபீர் குனிந்து பார்த்தான். "கெணத்துச் சேறு. நீதான ஊத்துன."

"நம்ம கெணத்துல நத்தைக் கூடு எங்கன இருக்கு?"

உக்கிரபாண்டி எட்டி ஒரு விரலால் தொட்டு முகர்ந்தார். அவருக்கு மற்றது ஒன்றும் தெரியாது, எஞ்சின் மட்டும்தான் தெரியும். அவருக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"ஏன் பாய், கடல் தண்ணியவா ஊத்துனீக? சேத்தோட மொண்டு? இரும்புக்குள்ள கடல் தண்ணி போனா அது என்னத்துக்கு ஆகும்? பின்னாடி ஓட்டை அடச்சிருக்கு, அந்தப் பக்கந்தான் காஞ்சு கோணியிருக்கு. நான் என்னமோ இந்தப் புள்ள அரைக் குடம் கெணத்துத் தண்ணி ஊத்துனதால ஆச்சுன்னுல்ல ஊரெல்லாம் சொல்லக் கேட்டேன். அரைக் குடத்துக்கு இது அசையாது பாய். இது வருசக் கணக்கா நிக்கும்."

"அவசரத்துக்கு ஊத்துனேன்" என்றான் கபீர். முகம் செத்துப் போயிருந்தது. "வண்டி கொதிச்சு நின்னு போச்சு. பத்து வீடு தள்ளி எல்லாரும் பந்தல்ல நின்னு பாத்துக்கிட்டு இருக்காக. மாப்பிள்ளையா வந்தவன் தகரத்தத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போயித் தண்ணி கேக்க முடியுமா? கடல் பக்கத்துலயே கெடந்துச்சு."

தண்ணீருக்குச் சமாதானம் சொல்கிற நினைப்பில் சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. உக்கிரபாண்டி பீடிக்கட்டைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டார்.

"யாரு மாப்பிள்ளையா வந்தது?" என்று கேட்டாள் லத்தீபா.

கபீரின் குரல் ஏறித்தான் வந்தது.

"மார்க்கத்துல இல்லாததயா செஞ்சுட்டேன்? நாலு கல்யாணம் வரைக்கும் கூடும்."

"கூடும். சொல்லிட்டுச் செய்யக்கூடாதுன்னு எங்கன இருக்கு? திருப்பாலைக்குடியா?"

"ம்."

"அந்தப் பிள்ளைக்கு வீடு?"

"அவ வாப்பா கரைவலை இழுக்குற ஆளு. ஓலைக் குடிசைதான். வீடு நானே கட்டித் தர்றதாப் பேச்சு."

"அதுக்குத்தான் சீனி முகம்மது வாராரா."

லத்தீபாவுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இன்னொருத்தி வந்ததைக்கூட அவளால் எங்கேயாவது ஒரு மூலையில் வைத்திருக்க முடியும். ஊரில் நடக்காததா. அந்த அரைக் குடத்தைத்தான் தாங்க முடியவில்லை. பதினைந்து நாளாகத் தொழுகையில் உட்கார்ந்து அதற்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அவன் புண்ணைக் கழுவும்போதெல்லாம் என்னால்தானே என்று உருகியிருக்கிறாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தான். பார்த்துக்கொண்டே பத்திரத்துக்கு நாளும் குறித்தான்.

"அரைக் குடம் மச்சான்" என்றாள். "காய்ச்சலோட எறச்ச அரைக் குடம். அத எந்தலையில வச்சு வீட்ட எழுதி வாங்கப் பாத்தீகளே. நீங்க மனுசரா?"

பிறகு உள்ளே போனாள். அவன் மாப்பிள்ளையாக வந்தபோது கொண்டுவந்த தகரப் பெட்டி பரண்மேல் இருந்தது. இறக்கி, அவன் துணிகளை மடித்து வைத்தாள். அலசி வைத்திருந்த அந்தப் புதுக் கைலியையும் மடித்து வைத்தாள். பெட்டியைக் கொண்டுவந்து காரின் பின் சீட்டில் வைத்துவிட்டு, உக்கிரபாண்டியைப் பார்த்து, "ஹெட்ட எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே, ரயிலுக்கு நேரமாச்சு" என்றாள்.

"ஏ, வண்டி ஓடாதுல்ல. நான் எங்கன போறது?" என்றான் கபீர்.

"ஓடுறப்பப் போங்க. அது வரைக்கும் அதுல இருங்க."

உக்கிரபாண்டி ஹெட்டை அவள் பழைய சேலையில் சுற்றி, வைக்கோல் போட்ட ஓலைப்பெட்டியில் முகம் மேலே பார்க்க வைத்தார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார்.

திங்கட்கிழமை சீனி முகம்மது பேனாவும் காகிதமுமாக வந்தார். எழுதி வாங்க வேண்டிய ஆள் தலையில்லாத காரின் பின் சீட்டில் பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பதைப் பார்த்தார். உடம்புக்கு என்ன என்று கேட்டார். கபீர் காற்றோட்டமாக இருக்கிறது என்றான். வந்த வழியே போய்விட்டார். வியாழக்கிழமை பள்ளிவாசல் ஜமாஅத்திலிருந்து ரெண்டு பெரியவர்கள் வந்து, ஒரு பொம்பளை இப்படிச் செய்யலாமா என்று வாசலில் நின்று கேட்டார்கள்.

"வீடு என்னுது, காரு அவுகளுது. அவுகவுக எடத்துல அவுகவுக இருக்கோம்" என்று கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு காரையும் பார்த்தார்கள். கபீர் கண்ணை மூடித் தூங்குவது போல இருந்தான். மூன்று வேளையும் கஞ்சி மட்டும் கார் ஜன்னல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது, தாஜுன்னிசாவின் கையில். கொடுக்கும்போதெல்லாம் அவள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஏதாவது கேட்டுவிட்டுத்தான் கொடுத்தாள். புண்ணுக்கு எண்ணெயும் அதோடு போனது. லத்தீபா அதை ஏன் அனுப்பினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தக் கோபம் அவளுக்கு அவள்மேலேயே இருந்தது.

சனிக்கிழமை முற்பகல் உக்கிரபாண்டி ஹெட்டோடு வந்தார். பட்டறையில் சீவியதில் அதன் முகம் கண்ணாடி போலப் பளபளத்தது. புது கேஸ்கட்டை வைத்து, ஹெட்டை இறக்கி, நட்டுகளை இந்தத் தடவை நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்குக் கொண்டுபோனார். கபீரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கபீர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, தோல் வளர ஆரம்பித்த கையால் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தான். வேலை முடிந்ததும் உக்கிரபாண்டி வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கூப்பிட்டார்.

"தங்கச்சி, தண்ணி வேணும். ரெண்டு கொடம் பிடிக்கும். சும்மா ஓட்டிப் பாக்கத்தான். உன் கெணத்துத் தண்ணியவே குடு, பரவால்ல. நீ ஏன் சொமக்கணும்?"

வீட்டில் இருந்ததே ரெண்டு குடம் ஊற்றுத் தண்ணீர்தான். விடியற்காலையில் போய், வரிசையில் நின்று, சிரட்டை சிரட்டையாக மொண்டு கொண்டுவந்தது. அன்றைக்கும் மறுநாளைக்குமான குடிதண்ணீர். லத்தீபா ரெண்டு குடத்தையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து காருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நல்ல தண்ணியே ஊத்துங்கண்ணே. நெறைய ஊத்துங்க. திருப்பாலைக்குடி போயிச் சேருற வரைக்கும் எங்கனயும் நிக்கக்கூடாது."

உக்கிரபாண்டி வடிகட்டித் துணியைப் போட்டு ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினார். எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. சத்தம் நன்றாக இருந்தது. அவர் முகம்கூட அதைக் கேட்டு ஒரு நிமிஷம் மலர்ந்தது. கபீர் ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தான். கதவு சாத்தியிருந்தது. வண்டி மணலைக் கிளப்பிக்கொண்டு தெருமுனையில் வடக்கே திரும்பியது.

மதியம் ஓதப்பள்ளி விட்டு ரம்ஜான் பீவி வந்தாள். இன்னொரு தடவை ஊற்றுக்குப் போக லத்தீபாவின் காலில் தெம்பு இல்லை. வீட்டுக் கிணற்றில் இறைத்து உலை வைத்துக் கஞ்சி காய்ச்சியிருந்தாள். பிள்ளை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தது.

"உம்மா, கஞ்சில உப்புக் கூடிருச்சு."

"நான் உப்பே போடலடி" என்றாள் லத்தீபா.